மலைக்கும் ஏரிக்கும் நடுவில் டாலி: முதல்முறை போகிறவருக்கு

சீனாவின் டாலி ரயில் நிலையத்தில் இறங்குகிற வெளியூர்க்காரர் முதலில் குழம்பித்தான் போவார். படங்களில் பார்த்த கோட்டை வாசலையும் வளைந்த ஓட்டுக்கூரைகளையும் காணோம். எதிரே அடுக்குமாடிக் கட்டடங்களும் அகலமான சாலைகளும் மட்டுமே இருக்கின்றன. தவறான ஊரில் இறங்கிவிட்டோமோ என்று தோன்றும். ஊர் சரிதான். டாலி என்ற ஒரே பெயரில் மூன்று இடங்கள் இருப்பதுதான் சிக்கல்.

யுன்னான் மாகாணத்தின் மேற்குப் பகுதியில் 1956-இல் அமைக்கப்பட்ட பெரிய நிர்வாகப் பிரிவு ஒன்று. அதன் பெயர் டாலி பாய் இனத் தன்னாட்சிப் பகுதி. அதற்குள் அடங்கிய நகரம் ஒன்று. அதன் பெயரும் டாலிதான். அந்த நகரத்தின் கடைவீதி, ரயில் நிலையம், அலுவலகங்கள் எல்லாம் ஏரியின் தென்கோடியில் உள்ள சியாகுவானில் இருக்கின்றன. அங்கிருந்து வடக்கே சுமார் 13 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, பயணிகள் தேடி வருகிற பழைய கோட்டை நகரம். விடுதிக்கு முன்பதிவு செய்யும்போது எந்த டாலி என்று பார்க்காமல் பணம் கட்டினால், ஏரிக்காற்றுக்குப் பதில் பேருந்து நிலையத்துப் புகைதான் கிடைக்கும்.

டாலியைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இங்கிருந்து பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலுக்குத் தாவிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இந்த ஊருக்கு ஒரு நில அமைப்பு உண்டு. அதைப் பிடித்துக்கொண்டால் கோபுரம், வீடு, சாமி, சாப்பாடு எல்லாம் ஏன் அப்படி இருக்கின்றன என்பது தானாகவே விளங்கும். பிடிக்காவிட்டால் எல்லாச் சுற்றுலா ஊர்களையும்போல இதுவும் நினைவுப்பொருள் கடைகளின் வரிசையாகத்தான் தெரியும்.

நிலம்

மேற்கே சாங்ஷான் மலைத்தொடர். தெற்கு வடக்காக 19 சிகரங்கள். உயரமான மாலோங் சிகரம் 4,122 மீட்டர். கிழக்கே எர்ஹாய் ஏரி, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,970 மீட்டர் உயரத்தில். தெற்கு வடக்காகச் சுமார் 40 கிலோமீட்டர் நீளம், அகலம் 7, 8 கிலோமீட்டர், பரப்பு ஏறத்தாழ 250 சதுர கிலோமீட்டர். இரண்டுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலத்தில் ஏரியை நோக்கிச் சரிந்து இறங்கும் வயல்வெளி. டாலி என்று உலகம் சொல்வது இந்த நீண்ட பட்டை நிலத்தைத்தான்.

சிகரங்களுக்கு இடையில் 18 ஓடைகள் பிறந்து, பட்டையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஏரியில் விழுகின்றன. நெல் வயலுக்குத் தண்ணீர், சுவருக்கு உருண்டைக் கல், சாயத்தொட்டிக்கு நீர் எல்லாம் அவற்றிலிருந்து வந்தவை. ஏரி நிரம்பினால் தென்மேற்கு மூலையில் ஷியெர் என்ற சிறு ஆறாக வழிந்து, மலையைப் பிளந்துகொண்டு வெளியேறி, கடைசியில் மேக்கோங்கில் கலக்கிறது. அந்தப் பிளவு தண்ணீருக்கு மட்டும் வழியல்ல, காற்றுக்கும் வழி. குளிர்காலத்திலும் வசந்தத்திலும் தென்மேற்கிலிருந்து வரும் காற்று அந்த இடுக்கில் நெருக்குண்டு சியாகுவானில் சீறிக்கொண்டு வெளிப்படும். குடை பிடிப்பதில் பயனில்லை.

இந்தப் பட்டையின் இரு முனைகளிலும் மலையும் ஏரியும் நெருங்கி வந்து கழுத்துப்போலக் குறுகிவிடுகின்றன. வடமுனை ஷாங்குவான், தென்முனை சியாகுவான். மேல் கணவாய், கீழ் கணவாய். இரண்டையும் அடைத்துவிட்டால் உள்ளே இருக்கிறவரை யாரும் எளிதில் தொட முடியாது. அரசியல் தெரிந்த ஒருவர் கண்ணில் இது பட்டால் என்ன செய்வார்?

அரசுகள்

எட்டாம் நூற்றாண்டில் பிலுவோகோ என்ற தலைவர் அதைத்தான் செய்தார். ஏரியைச் சுற்றி ஆறு சிற்றரசுகள் இருந்தன; தெற்கே இருந்தது அவருடையது. மற்றவற்றை ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கி 738-இல் நன்ஜாவ் அரசை நிறுவினார். சீனத்தின் டாங் பேரரசு முதலில் அவரைத் தட்டிக்கொடுத்தது. திபெத்துக்கு எதிராக ஒரு நண்பர் வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறையில் நட்பு கசந்தது. 751-இலும் 754-இலும் டாங் படைகள் வந்து மோதி அழிந்தன. இரண்டாவது படையின் தளபதி லி மி இங்கேயே மாண்டார். வென்ற அரசர் கோலுவோஃபெங், இறந்த எதிரி வீரர்களின் உடல்களைத் திரட்டி அடக்கம் செய்தார். 766-இல் ஒரு பெரிய கல்வெட்டு நிறுத்தி, தாம் பேரரசை மீறியது ஏன் என்பதற்கு நீண்ட விளக்கமும் எழுதி வைத்தார். வென்றவர் விளக்கம் சொல்வது வரலாற்றில் அபூர்வம். என்றாவது ஒருநாள் சமாதானம் பேச வேண்டியிருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பார் என்றே நினைக்கிறேன்.

நன்ஜாவ் 902-இல் விழுந்தது. சில குறுகிய ஆட்சிகளுக்குப் பிறகு 937-இல் துவான் சிபிங் என்பவர் டாலி அரசை நிறுவினார். 300 ஆண்டுகளுக்கு மேல் அது நீடித்தது. அதன் 22 அரசர்களில் பலர் முடியைத் துறந்து பௌத்தத் துறவிகளாகப் போய்விட்டார்கள். பக்தியும் இருந்திருக்கும், அமைச்சர்களின் நெருக்கடியும் இருந்திருக்கும்.

இந்த பௌத்தத்தில் இந்திய வாடை தூக்கலாக உண்டு. யுன்னானிலிருந்து பர்மா வழியாக அசாம் பக்கம் போகும் பாதைகள் பழமையானவை. இங்கே தாந்திரிக பௌத்த குருமார்களுக்கு ஆசாரியர் என்ற வடசொல்தான் உச்சரிப்பு மாறி வழங்கியது. அரசர்களுக்கு மகாராஜா என்ற பட்டம் இருந்தது. 1253-இல் குப்லாய் கான் தலைமையில் மங்கோலியர் படையெடுத்து வந்து டாலியைப் பிடித்தார்கள். பிடிபட்ட கடைசி அரசருக்கு மங்கோலியப் பேரரசரே மகாராஜா பட்டம் கொடுத்து ஊரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தக் காலத்தின் சாட்சி, பழைய ஊருக்கு வடமேற்கே மலையடிவாரத்தில் நிற்கும் மூன்று கோபுரங்கள். நடுவிலிருக்கும் சியென்ஷுன் கோபுரம் ஒன்பதாம் நூற்றாண்டில் நன்ஜாவ் கட்டியது. 69 மீட்டர் உயரம், 16 அடுக்கு. பக்கத்தில் இருக்கும் இரண்டும் அதற்குப் பிந்தியவை, 42 மீட்டர். 1925-இல் வந்த நிலநடுக்கத்தில் ஊரின் பெரும்பாலான வீடுகள் சரிந்தன, கோபுரங்கள் நின்றன. 1978-இல் பழுதுபார்க்க ஏறியபோது உள்ளேயிருந்து சிலைகளும் சுவடிகளும் கிடைத்தன. அவற்றில் ஒன்று வெள்ளியில் செய்து பொன்முலாம் பூசிய கருடன். அவர் அங்கே இருப்பதற்குக் காரணம் ஏரி. வெள்ளத்தைக் கிளப்புவது தண்ணீரில் வாழும் நாகம். நாகத்துக்குக் கருடனைக் கண்டால் பயம். ஆகவே ஏரியைப் பார்த்தபடி உயரத்தில் கருடனை உட்கார வைத்தால் வெள்ளம் வராது என்பது நம்பிக்கை. கோபுரங்களுக்குப் பின்னால் இருக்கும் பிரம்மாண்டமான சோங்ஷெங் கோயிலைப் பார்த்து அதையும் பழமை என்று எண்ணிவிட வேண்டாம். அது 2005-இல் புதிதாகக் கட்டியது. நேரம் குறைவென்றால் அதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

இன்று நாம் நடக்கும் கோட்டை நகரம் மிங் ஆட்சி 1382-இல் டாலியைக் கைப்பற்றிய கையோடு கட்டத் தொடங்கியது. சதுர வடிவம், நான்கு வாசல், கட்டம் கட்டமான தெருக்கள். 1856-இல் து வென்ஷியு என்ற முஸ்லிம் தலைவர் சிங் பேரரசுக்கு எதிராகக் கிளம்பி, 1872 வரை இங்கிருந்து ஆட்சி நடத்தினார். அவருடைய தலைமையகம்தான் இப்போது டாலி அருங்காட்சியகம். கல்வெட்டுகளில் நாட்டம் உள்ளவர்கள் அங்கே அரை நாள் செலவிடலாம்.

பாய் மக்கள்

சீன அரசு அங்கீகரித்த 56 இனங்களில் பாய் இனமும் ஒன்று. சுமார் 20 லட்சம் பேர், பெரும்பான்மையோர் இந்தப் பகுதியில். சீனர்கள் இவர்களை நெடுங்காலம் மின்ஜியா என்று அழைத்துவந்தார்கள். பாய் என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1956-இல்தான். இவர்களுடைய மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்ததா, சீனத்தின் தூரத்து உடன்பிறப்பா என்று மொழியியலாளர்கள் இன்னும் வழக்காடுகிறார்கள். சீன எழுத்துகளைக் கடன்வாங்கி அந்த மொழியை எழுதும் வழக்கமும் உண்டு. 1450-இல் வெட்டிய கல்வெட்டு ஒன்றில் மலையையும் ஏரியையும் பாடும் பாய் மொழிக் கவிதையே இருக்கிறது.

பெண்களின் தலையணியை எல்லா வழிகாட்டிகளும் விளக்குவார்கள். பக்கவாட்டில் தொங்கும் வெள்ளைக் குஞ்சம் சியாகுவான் காற்று, நெற்றிப் பூவேலை ஷாங்குவான் பூ, மேலே வெண்ணிற விளிம்பு சாங்ஷான் பனி, மொத்த வளைவு எர்ஹாய் நிலவு. அழகான விளக்கம். ஆனால் பாய் மக்களைப் புரிந்துகொள்ள தலையணியைவிட நல்ல வாசல் ஒன்று உண்டு: அவர்களுடைய ஊர்ச்சாமி.

பென்ஜு என்று பெயர். ஊருக்கு ஒரு பென்ஜு, சிறிய கோயில், ஆண்டுக்கு ஒரு திருவிழா. அன்று சாமி ஊர்வலம் வரும், பன்றி அறுத்து விருந்து நடக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களின் காவல் தெய்வத்தை அறிந்தவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. அங்கே போலவே இங்கேயும் சாமிகளில் பலர் வாழ்ந்து மடிந்த மனிதர்கள். அநியாயமாகவோ வீரமாகவோ செத்தவர்கள்.

ஒருவர் துவான் சிசெங். ஏரியில் இருந்த மலைப்பாம்பு மனிதரையும் மாட்டையும் விழுங்கி வெள்ளத்தைக் கிளப்பியது என்கிறது கதை. இவர் உடம்பெங்கும் கத்திகளைக் கட்டிக்கொண்டு தண்ணீரில் குதித்தார், பாம்பு விழுங்கியது, இருவரும் செத்தார்கள். அந்தப் பாம்பின் எலும்பைச் சுட்டு அரைத்து அவருக்குக் கோபுரம் எழுப்பியதாகச் சொல்கிறார்கள். சியாகுவானுக்கு அருகே அந்தக் கோபுரம் நிற்கிறது.

இன்னொருவர் இன்னும் வியப்பானவர். 754-இல் படையெடுத்து வந்து செத்த டாங் தளபதி லி மி என்று மேலே சொன்னேனே, அவரே பென்ஜு. சியாகுவானுக்கு மேலே மலைச்சரிவில் அவருக்குக் கோயில் இருக்கிறது, கூட்டமும் குறைவில்லை. ஊரை அழிக்க வந்தவரிடம் ஊரைக் காக்கச் சொல்லி ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். அவரைத் தோற்கடித்த அரசரின் விளக்கக் கல்வெட்டும் அதே ஊரின் எல்லைக்குள்தான் இருக்கிறது.

சந்திர நாட்காட்டியின் ஆறாம் மாதம் 25-ஆம் நாள் தீப்பந்தத் திருவிழா. பாய் மக்கள் அதற்குச் சொல்லும் கதை பிலுவோகோவைப் பற்றியது. மற்ற சிற்றரசர்களை விருந்துக்கு அழைத்து மர மாளிகையில் வைத்துக் கொளுத்திவிட்டாராம். பாய்ஜியே என்ற அரசி ஐயப்பட்டு, புறப்படும்முன் கணவரின் கையில் இரும்புக் காப்பு மாட்டி அனுப்பியிருந்தார். சாம்பலில் மற்ற மனைவியர் தேடித் தவிக்க, அவர் மட்டும் காப்பை வைத்துக் கணவரின் உடலை அடையாளம் கண்டார். பிலுவோகோ மணக்க விரும்பியபோது ஏரியில் குதித்து உயிர்விட்டார். அரசை நிறுவியவரைவிட அவரை எதிர்த்துச் செத்தவளுக்கே ஆண்டுதோறும் பந்தம் ஏற்றுகிறது இந்த ஊர்.

வீட்டுச் சுவரைப் படிப்பது

பழைய ஊரிலிருந்து வடக்கே 18 கிலோமீட்டர் போனால் ஷிஜோவ். குதிரை, கோவேறு கழுதை அணிகள் திபெத்துக்குத் தேயிலையைக் கொண்டுபோய், பர்மாவிலிருந்து பஞ்சைக் கொண்டுவந்த காலத்தில் பணம் பார்த்த வணிகர்களின் ஊர். கட்டடக்கலைக்கு இதுவே இடம்.

பாய் வீட்டின் அடிப்படைத் திட்டம் எளியது: முற்றத்தைச் சுற்றி மூன்று பக்கம் கட்டடம், நான்காவது பக்கம் வெறும் சுவர். வீடு மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே ஏரியைப் பார்த்திருக்கும். மேல்காற்று பின்சுவரில் மோதட்டும் என்று. அப்படிக் கட்டினால் பிற்பகலில் முன்கூடம் இருண்டுவிடும் அல்லவா? அதற்குத்தான் எதிர்ப்பக்கம் அந்த வெள்ளைச் சுவர். மேற்கே சாயும் வெயில் அதில் பட்டுத் திரும்பி கூடத்துக்குள் விழுகிறது. விளக்கு எரிக்காமலே கூடுதல் வெளிச்சம்.

அந்தச் சுவரின் நடுவில் பெரும்பாலும் நான்கு சீன எழுத்துகள் இருக்கும். அழகுக்காக எழுதியதுபோல் இருக்கும், ஆனால் அது குடும்பப் பெயர்ப்பலகை. ‘நூறு பொறுமை’ என்ற பொருளில் எழுதியிருந்தால் அது ஜாங் குடும்பம்: ஒன்பது தலைமுறை ஒரே வீட்டில் வாழ்ந்த ஜாங் குலத்துப் பெரியவரிடம் பேரரசர் அதன் ரகசியத்தைக் கேட்க, அவர் ‘பொறு’ என்ற எழுத்தையே நூறு முறை எழுதிக் காட்டினாராம். தூய்மையைக் குறிக்கும் சொற்கள் இருந்தால் யாங் குடும்பம். இருட்டில் யாருக்கும் தெரியாது என்று நீட்டிய பொன்னை, வானுக்குத் தெரியும் மண்ணுக்குத் தெரியும் என்று மறுத்த யாங் ஜென் என்ற அதிகாரியின் நினைவு. யாழும் கொக்கும் இருந்தால் ஜாவ் குடும்பம். அவ்விரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பதவியேற்கப் போன ஜாவ் பியென் அவர்களுடைய முன்னோர். எழுத்துகளைக் கைப்பேசியில் படம்பிடித்து மொழிபெயர்த்துக்கொண்டே ஒரு தெருவை நடந்து பாருங்கள்; எந்த வீட்டில் யார் என்று சொல்லிவிடலாம்.

ஏழை வீடுகளின் சுவர் ஓடைகளின் உருண்டைக் கல்லால் ஆனது. டாலியின் மூன்று அதிசயங்களில் முதலாவது, உருண்டைக் கல்லில் கட்டினாலும் சுவர் விழாது என்பது உள்ளூர்ச் சொலவடை.

ஷிஜோவுக்குக் கொஞ்சம் வடக்கே ஜோவ்செங். துணியை முடிச்சிட்டு அவுரி நீலத்தில் தோய்க்கும் ஊர். துணியில் மாதிரியை வரைந்து, பெண்கள் ஊசி நூலால் தைத்து இறுக்கிச் சுருட்டுவார்கள். சாயத்தில் பலமுறை முக்கி எடுத்து நூலைப் பிரித்தால், இறுகிய இடம் வெள்ளையாகவும் மற்றது நீலமாகவும் இருக்கும். கடைகளில் அச்சடித்த போலியும் கலந்து கிடக்கிறது. கையால் செய்ததில் வெள்ளைக் கோட்டின் ஓரம் கசிந்திருக்கும், கூர்ந்து பார்த்தால் ஊசித்துளைகள் வரிசையாகத் தெரியும். அச்சடித்ததில் எல்லாப் பூவும் ஒரே மாதிரி.

சாப்பாடு

டாலியின் சமையல், சீனச் சமையல் என்று நாம் நினைப்பதிலிருந்து முதல் வாயிலேயே விலகிவிடுகிறது. புளிப்பும் காரமும் இங்கே முன்வரிசை. புளிப்பு பெரும்பாலும் காடியிலிருந்தல்ல, பழத்திலிருந்து வருகிறது: புளிப்பு பிளம், மூகுவா என்ற புளிப்புப் பழம் என்று வகைவகையாக.

அதைவிட வியப்பு, பால். சீனாவின் பெரும்பகுதியில் பாலாடைக்கட்டி செய்யும் மரபு கிடையாது. ஏரியின் வடக்கே தெங்சுவான், எர்யுவான் புல்வெளிகளில் மாடு வளர்க்கும் பாய் மக்களிடம் ரூஷான் என்ற பாலாடைக்கட்டி உண்டு. செய்முறையைப் பார்ப்பது சாப்பிடுவதைவிடச் சுவையானது. புளித்த மோர்நீரை இரும்புச் சட்டியில் சூடாக்குகிறார்கள். அதில் ஒரு கிண்ணம் பாலை ஊற்றிச் சட்டியைச் சுழற்றுகிறார்கள். சில நொடிகளில் பால் திரைந்து உருண்டையாகக் கூடிவருகிறது. அதை எடுத்துப் பிசைந்து தட்டி, இரண்டு மூங்கில் கழிகளில் சுற்றி இழுத்துவிட்டால் மெல்லிய தாளாகிறது. வெயிலில் காய்ந்தால் இளமஞ்சள் விசிறி. தெருக்கடைகளில் கரியடுப்பில் வாட்டி, ரோஜா இதழ்ப் பாகு தடவிக் குச்சியில் சுருட்டித் தருவார்கள். எண்ணெயில் பொரித்தால் அப்பளம்போல் பொங்கிவரும். மாட்டின் வாடை கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்லமாட்டேன். பொரித்ததிலிருந்து தொடங்குங்கள்.

ஷிஜோவின் பாபா இன்னொன்று. அடுக்கடுக்காக மடித்த கோதுமை ரொட்டி; தட்டின் கீழேயும் கரி, மேலே மூடியிலும் கரி. இருபக்கத்து நெருப்பில் வெளிப்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மென்மையாகவும் வெந்துவருகிறது. இனிப்பு வகையில் ரோஜாப் பாகோ சர்க்கரையோ இருக்கும். உப்பு வகையில் வெங்காயத்தாளும் பன்றிக்கறித் துணுக்கும் மணக்கும். சூட்டோடு தின்ன வேண்டும். பையில் போட்டு விடுதிக்குக் கொண்டுபோனால் தோலாகிவிடும்.

அரிசிச் சோற்றை இடித்துப் பிசைந்து கட்டியாக்கினால் எர்குவாய். அதை நூலாகச் சீவினால் எர்ஸ். தெற்கே வெய்ஷானில் குழைய வெந்த பன்றிக்கறியோடு எர்ஸ் போட்டுத் தருவதுதான் பேர்பெற்ற காலைச் சாப்பாடு. நன்ஜாவ் அரசு தோன்றிய மண் அது. பழைய தெருவும் கூட்டமில்லாமல் இருக்கிறது.

ஏரி தருவது மீனும் ஹாய்சாயும். புளிப்புக் காரக் குழம்பில் வேகும் மீனும், மண்சட்டியில் காய்கறியோடு கொதிக்கும் மீனும் எங்கும் கிடைக்கும். ஹாய்சாய் நீருக்கடியில் வளரும் செடி. நீண்ட தண்டும் மேலே மிதக்கும் வெள்ளைப் பூவும் கொண்டது. சேப்பங்கிழங்கோடு சேர்த்துச் சூப் வைப்பார்கள், வழவழப்பான மென்மை. தண்ணீர் தூய்மையாக இருந்தால்தான் அது வளரும் என்பதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

ஷெங்பி பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அறுத்த பன்றியை வைக்கோல் நெருப்பில் சுட்டு, தோல் பொன்னிறமாகி அரைவேக்காடு ஆனதும், தோலையும் அதனடிப் பச்சைக்கறியையும் மெல்லியதாகச் சீவி, பிளம் புளிப்பும் மிளகாயும் கலந்த சாறில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். கல்யாணம், பென்ஜு விழா இரண்டிலும் இது இல்லாமல் விருந்தில்லை. பச்சைப் பன்றிக்கறியால் புழுத்தொற்று வரும் ஆபத்து உண்மையானது. இந்தப் பகுதியில் அது பழைய பிரச்சினை. விருந்தோம்பலுக்குக் கட்டுப்பட்டு ஒரு துண்டாவது என்று நினைக்காதீர்கள். மரியாதையாக மறுத்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க: காய்கறியைக்கூடப் பன்றிக்கொழுப்பில் தாளிக்கும் சமையல் இது. ‘வோ ச்சு சூ’ என்றால் நான் சைவம் என்று பொருள். ஆனால் இறைச்சி, மீன், விலங்குக் கொழுப்பு எதுவும் வேண்டாம் என்று சீனத்தில் எழுதிக் காட்டுவதே பத்திரம். கவலையில்லாமல் உண்ண பௌத்தக் கோயில்கள் உண்டு. சாங்ஷான் சரிவில் இருக்கும் ஜிஜாவ் மடத்தில் மதியம் சைவச் சாப்பாடு போடுகிறார்கள். தட்டில் மிச்சம் வைக்கக்கூடாது என்பது கண்டிப்பு. பன்றி வேண்டாம் என்பவர்களுக்கு ஹுய் முஸ்லிம்களின் ஹலால் கடைகள் சுலபமாகக் கிடைக்கும். மாட்டுக்கறி நூடுல்ஸ் நன்றாக இருக்கும்.

விருந்தினருக்கு மூன்று சுற்றுத் தேநீர் தருவது பாய் வழக்கம். சிறு மண்குடுவையில் தேயிலையைப் போட்டு நெருப்பில் குலுக்கிக் குலுக்கி வறுப்பார்கள். மணம் கிளம்பியதும் கொதிநீரை ஊற்ற, குடுவை இடிபோல் முழங்கும். அதுவே முதல் சுற்று, நாக்கைக் கட்டும் கசப்பு. இரண்டாவதில் வெல்லச் சர்க்கரை, சீவிய வால்நட், ரூஷான். மூன்றாவதில் தேன், இஞ்சி, பட்டை, சிச்சுவான் மிளகு. கிண்ணம் நிரம்பாவிட்டால் கஞ்சத்தனம் என்று நினைக்க வேண்டாம். மதுவை நிறைத்து ஊற்றினால் மரியாதை, தேநீரை நிறைத்து ஊற்றினால் அவமதிப்பு என்பது இங்கத்திய கணக்கு. சுற்றுலா மேடைகளில் ஆடல்பாடலோடு இதை விற்கிறார்கள். ஷிஜோவில் வறுக்கும் குடுவையைக் கண்ணால் பார்க்க முடிகிற சிறு கடையாகத் தேடுவது நல்லது.

ஏரியின் காய்ச்சல்

எர்ஹாயின் சராசரி ஆழம் 10 மீட்டர்தான். இவ்வளவு பரந்த, ஆழமில்லாத நீர்நிலையில் சுற்றுவட்டாரக் கழிவு முழுவதும் சேர்ந்தால் என்ன ஆகும்? 1996-இல் ஏரி பச்சையானது, நீலப்பச்சைப் பாசி பரவியது. கூண்டு மீன்வளர்ப்பையும் மோட்டார் மீன்படகுகளையும் தடைசெய்தார்கள். 2003-இல் மறுபடி பாசி. ஹாய்சாய் ஏறத்தாழக் காணாமல் போனது அந்தக் காலத்தில்தான்.

அதற்குப் பிறகு சுற்றுலா வேறு பெருகியது. ஏரி விளிம்பில் கண்ணாடிச் சுவர் விடுதிகள் முளைத்தன. 2017 ஏப்ரலில் கரையோர மையப் பகுதியின் விடுதிகளையும் உணவகங்களையும் ஒரே உத்தரவில் மூடினார்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. கடன் வாங்கிக் கட்டியவர்கள் கதி என்ன என்று அப்போது பலரும் கேட்டார்கள். அடுத்து 1,806 குடும்பங்கள் கரையை விட்டு அகற்றப்பட்டன. 2018-இல் ஏரிப் படுகையில் பூண்டு சாகுபடிக்குத் தடை. பூண்டு உரத்தைக் குடிக்கும் பயிர், வடிகிற உரம் ஏரிக்குத்தான் போகும். பூண்டு அந்த உழவர்களுக்கு நல்ல காசு தந்த பயிரும்கூட. ஏரி பிழைத்ததற்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்.

இன்று ஏரியைச் சுற்றி 129 கிலோமீட்டருக்கு மோட்டார் வண்டி நுழையாத பாதை இருக்கிறது. ஈரநிலமும் நாணலும் திரும்பியிருக்கின்றன. ஹாய்சாய்ப் பூவும் தென்படுகிறது. டாலியில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரம் என்றால், மிதிவண்டி வாடகைக்கு எடுத்து இந்தப் பாதையில் மேற்குக் கரையோரம் த்சாய்சுன் துறையிலிருந்து ஷிஜோவ் பக்கம் போங்கள் என்பேன். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வயல், அதற்குமேல் மலை; தொடக்கத்தில் சொன்ன பட்டை நிலம் முழுதும் கண்ணுக்குள் அடங்கும். படகுச் சவாரியைவிட இது மேல்.

எப்போது, எப்படி

இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்கு விசா வேண்டும். பாங்காக், கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாக யுன்னானின் தலைநகர் குன்மிங் வரை விமானம். அங்கிருந்து அதிவேக ரயிலில் சுமார் இரண்டு மணி நேரம். இந்தத் தடம் 2018-இல் திறந்தது. அதற்குமுன் பேருந்தில் அரைநாள் போகும். ரயில் டிக்கெட்டுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். கடைகளில் பணத்தாளைவிடக் கைப்பேசிக் கட்டணமே செல்லுபடி. அலிபே என்ற கட்டணச் செயலியில் வெளிநாட்டு அட்டையை இணைத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அதுவே காளான் பருவமும். நவம்பர் முதல் மார்ச் வரை வெயிலும் குளிரும் காற்றும், வடக்கிலிருந்து வரும் கடற்காகங்களும். எந்த மாதமானாலும் இந்த உயரத்தில் வெயில் தோலைச் சுட்டுவிடும், தொப்பி அவசியம். பழைய ஊரின் முக்கியத் தெருக்கள் மாலையில் திருவிழாக் கூட்டம். காலை எட்டு மணிக்கு முன் நடந்தால் காய்கறிச் சந்தையும், பாய்க் கூரை வைத்துக் கட்டிய கத்தோலிக்கத் தேவாலயமும் உங்களுக்கே. சாங்ஷானில் கம்பிவட வண்டி 3,900 மீட்டரை ஒட்டி ஏறுகிறது. வந்த முதல் நாளே ஏறாமல், உடம்பு பழகிய பிறகு போவது நல்லது.

திருவிழாக்கள் சந்திர நாட்காட்டிப்படி நடப்பதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறும். மூன்றாம் மாதம் 15-ஆம் நாள் தொடங்கும் சந்தை ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. மூலிகை வியாபாரிகளும் குதிரைப் பந்தயமும் அதன் உயிர். விடுதி வாடகை ஏறும், முன்கூட்டியே பதிந்துகொள்ளுங்கள். எனக்கு நான்காம் மாதத்து ராவ்சான்லிங்தான் பிடித்தது. 23 முதல் 25 வரை மூன்று நாள், நடவுக்கு முன் ஊர் ஊராகக் கிளம்பி, வில்லோ மரக்கிளையை ஏந்திப் பாடி ஆடிக்கொண்டு மலையடிவாரத்தில் தொடங்கி ஏரிக்கரை வரை கோயில் கோயிலாகப் போவார்கள். பெரும்பாலும் வயதானவர்கள். டிக்கெட்டும் மேடையும் கிடையாது. பார்க்க வேண்டுமென்றால் அவர்களோடு நடக்க வேண்டியதுதான்.